குளவி என்ன செய்துகொண்டிருந்தது?

வீட்டில் ஒரு சாவு விழுந்த சில நாட்களில், ஒரு பறவை வந்து சன்னல் கண்ணாடியைக் கொத்தத் தொடங்குகிறது. விடிந்ததும் வருகிறது, அரை மணி நேரம் கொத்துகிறது, போய்விடுகிறது. மறுநாளும் அதே சன்னல், அதே நேரம். வந்திருப்பது யார் என்பதில் வீட்டாருக்குச் சந்தேகமே இருப்பதில்லை.

பறவைகளை அறிந்தவர் வேறு பதில் சொல்வார். இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லையைக் காக்கும் பறவை, கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை அத்துமீறி நுழைந்த இன்னொரு பறவையாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறது. வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருக்கும் நேரத்தில் பிம்பம் நன்றாகத் தெரியும். அதனால்தான் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருகிறது. எதிரி ஓடாததால் சண்டை முடிவதும் இல்லை. சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை நீளும். உட்புறம் திரை போட்டால் நிற்காது. இருண்ட திரைக்கு முன்னால் கண்ணாடி இன்னும் நல்ல நிலைக்கண்ணாடி ஆகிவிடும். வெளிப்புறத்தில் காகிதம் ஒட்ட வேண்டும், அல்லது சோப்புக் கரைசலைப் பூசிக் காயவிட வேண்டும். பிம்பம் மறைந்ததும் பறவை தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இந்த இரண்டு பதில்களையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றதை வறட்டு அறிவு என்றும் திட்டிக்கொள்வது வழக்கம். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. காட்டுயிர் ஒன்று எதிர்ப்படும்போது, அது அந்த நேரத்தில் தனக்காக என்ன செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது என்ன பொருள் தருகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். வரிசையை மாற்றினால் விலங்கு காணாமல் போய்விடுகிறது, நாம் மட்டும் மிஞ்சுகிறோம். அப்படிக் கிடைக்கும் பொருளில் ஆன்மிகம் என்று சொல்லத்தக்கது அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது புதிய யோசனையும் அல்ல. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் யது மன்னனிடம் தன் 24 குருமார்களை வரிசையாகச் சொல்கிறார். அவரைத் தத்தாத்ரேயர் என்று மரபு அடையாளம் காட்டும். அந்த 24-இல் 11 பேர் விலங்கும் பறவையும் பூச்சியும் மீனும்தான்: புறா, மலைப்பாம்பு, விட்டில், தேனீ, யானை, மான், மீன், இறைச்சியைக் கவ்விய பருந்தினப் பறவை, பாம்பு, சிலந்தி, குளவி. இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த விலங்கும் அவதூதருக்குச் செய்தி கொண்டுவரவில்லை. அவரைத் தேடியும் வரவில்லை. அவை தம் பாட்டில் எதையோ செய்துகொண்டிருக்கின்றன. அவர் நின்று பார்த்திருக்கிறார்.

அந்தப் பார்வை எவ்வளவு துல்லியம் என்று சோதிக்கலாம். இறைச்சித் துண்டோடு பறக்கும் பறவையை வலுவான மற்ற பறவைகள் துரத்துகின்றன. துண்டை விட்டதும் அதற்கு நிம்மதி. கடற்கரையிலோ மீன் சந்தையிலோ பருந்துகளை ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. தானே வேட்டையாடுவதைவிட இன்னொருவரின் இரையைப் பறிப்பது சில நேரம் மலிவு. துரத்துகிறவற்றுக்கு வேண்டியது துண்டு மட்டுமே, அதனால் அது விழுந்த நொடியில் துரத்தலும் நின்றுவிடும். பாம்பு தனக்கென்று வீடு கட்டாமல் பிறர் கட்டியதில் குடியிருக்கிறது என்கிறார். எலி வளையிலும் கறையான் புற்றிலும் பாம்புகள் தங்குவது உண்மை. மலைப்பாம்பு கிடந்த இடத்தில் கிடந்து வந்ததை உண்கிறது என்கிறார். பதுங்கிக் காத்திருக்கும் வேட்டைக்காரனான அது, ஒரு பெரிய இரைக்குப் பிறகு மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கவும் கூடும்.

சிலந்தியில் பாதி சரி, பாதி தவறு. அது தன்னுள்ளிருந்து வாய் வழியாக நூலை விரித்து, விளையாடி, மறுபடி விழுங்கிக்கொள்கிறது என்பது பாகவதத்தின் வருணனை. நூல் வாயிலிருந்து வருவதில்லை. வயிற்றுப் பகுதியின் கடைசியில் இருக்கும் நூற்புக் காம்புகளிலிருந்து வருகிறது. ஆனால் விழுங்குவது உண்மை. வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்று அதன் புரதத்தைப் புதிய நூலுக்குத் திரும்பப் பயன்படுத்துகின்றன. உலகம் இறைவனிடமிருந்து விரிந்து அவனிடமே ஒடுங்குகிறது என்ற உவமைக்கு வேண்டியது இந்த இரண்டாம் பாதிதான். வாயா வயிறா என்பதில் உவமை கெடவில்லை.

குளவி விஷயம் அப்படி அல்ல. அங்கே கவனிப்பில் விழுந்த ஓட்டை பெரியது, அதனால் அதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண் கூட்டில் அடைக்கிறது. அடைபட்ட புழு பயத்தில் குளவியையே நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்து நினைத்துக் குளவியாகவே ஆகிவிடுகிறது. எதை இடைவிடாமல் நினைக்கிறாயோ அதுவாகிறாய் என்பது பாடம். கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுதான்.

இந்தக் கதையைக் கட்டியவர்கள் கூட்டை நிச்சயம் பார்த்திருக்கிறார்கள். புழு உள்ளே போனதும் உண்மை, வாய் அடைக்கப்பட்டதும் உண்மை, சில வாரங்கள் கழித்துக் குளவி துளைத்துக்கொண்டு வெளியே வந்ததும் உண்மை. இடையில் நடந்ததை மட்டும் பார்க்கவில்லை. பெண் குளவி முதலில் ஈர மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அறை கட்டுகிறது. பானைக் குளவி என்ற வகை பச்சைப் புழுக்களைப் பிடிக்கிறது. சுவரில் நீளக் குழாய்களாக மண் அப்பும் இன்னொரு வகை சிலந்திகளைப் பிடிக்கிறது. கொட்டுவது கொல்வதற்கு அல்ல. நஞ்சு இரையை அசையாமல் ஆக்குகிறது, உயிர் மட்டும் இருக்கும். செத்தால் அழுகிவிடும், உயிரோடு கிடந்தால் வாரக்கணக்கில் கெடாத உணவு. பானைக் குளவி அறையின் கூரையிலிருந்து மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, புழுக்களை அடுக்கி, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுக்களை உயிரோடு தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து, அடைப்பை உடைத்து வெளியே வருகிறது. உள்ளே போன புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவானது.

சோதித்துப் பார்ப்பது எளிது. வெளியேறும் துளை விழுந்த பழைய கூட்டை எடுத்து, கத்தி முனையால் பக்கவாட்டில் மெல்லக் கீற வேண்டும். தின்று மிஞ்சிய தோல் துணுக்குகளும் கால்களும், காகிதம் போன்ற கூட்டுப்புழு உறையும் கிடைக்கும். துளை இல்லாத கூடு என்றால் உள்ளே உயிர் இருக்கலாம்; அதைத் தொடக் கூடாது.

இதே வகைக் காட்சியைப் பார்த்த இன்னொருவர் நேர் எதிரான இடத்துக்குப் போனார். 1860 மே மாதம் டார்வின், அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், புழுக்களின் உயிருள்ள உடலைத் தின்று வளரும்படி ஒட்டுண்ணிக் குளவிகளைக் கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அவதூதருக்குத் தியானத்தின் பலனைக் காட்டிய காட்சி டார்வினுக்கு ஐயத்தைத் தந்தது. இருவரில் முழுதாகப் பார்த்தவர் டார்வின்தான். ஆனால் ஐயம் ஒன்றுதான் முழுப் பார்வையின் முடிவு என்று நான் சொல்லமாட்டேன். உண்பதும் உண்ணப்படுவதும் ஒரே மண் அறைக்குள் நடக்கிறது என்பதைத் தாங்கிக்கொள்ளும் ஆன்மிகமும் இருக்கிறது. அது ஆறுதல் தருவதில் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டாது.

விட்டிலும் மறுபார்வை பெற்றிருக்கிறது. ஆசையால் விளக்கில் விழுகிறது என்பது பழைய பாடம். அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. இரவில் பறக்கும் பூச்சிகள் தம் முதுகை வெளிச்சமான பக்கம் நோக்கித் திருப்பிக்கொண்டு பறக்கின்றன. இயற்கையில் வெளிச்சமான பக்கம் வானம், எனவே அந்தப் பழக்கம் அவற்றை நேராக வைக்கிறது. பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் முதுகு அதை நோக்கித் திரும்புகிறது, பறக்கும் பாதை வளைகிறது, பூச்சி விளக்கைச் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. அங்கே ஆசை எதுவும் இல்லை. மேல் எது என்ற கணக்கு பிசகிவிடுகிறது. பழைய பாடத்தைவிட இது எனக்கு அதிகம் உறைக்கிறது.

எதிர்ப்படும் அந்தச் சில நிமிடங்களுக்கு வருவோம்.

பெரும்பாலோர் முதலில் சொல்வது 'அது என்னைப் பார்த்தது' என்பதுதான். பார்வையை அளவுக்கு மீறி நம்புகிறோம். ஆந்தையின் விழிகள் மண்டையோட்டுக்குள் அசையாமல் பொருத்தப்பட்டவை, நம்மைப் போல உருட்ட முடியாது. எதைப் பார்க்க வேண்டுமானாலும் தலையையே திருப்ப வேண்டும், 270 பாகை வரை திருப்பும். எனவே அது பார்க்கும் எதையும் 'வெறித்துத்தான்' பார்க்கும். பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் செதில். கண்கொட்டாமல் பார்த்தது என்ற வியப்பில் அதன் பங்கு ஒன்றுமில்லை. இரவில் டார்ச் ஒளியில் தீயாக எரியும் கண்கள், விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் எரிகின்றன. மங்கிய வெளிச்சத்தை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள அந்த ஏற்பாடு.

மான் நின்று பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. சூரிச் விலங்குக்காட்சி சாலையின் இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர் இரண்டு தூரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எவ்வளவு நெருங்கினால் விலங்கு ஓடும் என்ற தூரம். இன்னொன்று அதைவிடக் குறுகியது: ஓட வழியில்லாத விலங்கு எவ்வளவு நெருங்கினால் தாக்கும் என்ற தூரம். இதற்கு மேல் 1986-இல் இடன்பெர்க், டில் என்ற இருவர் ஒரு கணக்கைச் சேர்த்தார்கள். விலங்கு ஆபத்தைக் கண்டவுடன் ஓடுவதில்லை. ஓடினால் இழக்கப்போகும் மேய்ச்சல், துணை, இடம் எல்லாவற்றையும் நிற்பதன் ஆபத்தோடு எடை போட்டுத்தான் ஓடுகிறது. எனவே ஒரு மான் ஓடாமல் நின்றால், என்மேல் நம்பிக்கை வைத்துவிட்டது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய. நல்ல மேய்ச்சலா? பக்கத்துப் புதரில் குட்டி படுத்திருக்கிறதா? மனிதர்களைப் பார்த்துப் பழகியதா? காற்று நம் பக்கம் வீசுவதால் நம் வாடை இன்னும் அதற்குப் போகவில்லையா? காலில் அடியா? ஓடும் வழியில் நாமே நிற்கிறோமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் உடனே பக்கவாட்டில் விலக வேண்டும்.

யானையிடம் இந்தத் தவறு உயிருக்கே உலை வைக்கும். நிம்மதியாக மேயும் யானை காதை அசைத்துக்கொண்டே இருக்கும். காதில் ரத்தக் குழாய்கள் நிறைய. விசிறிக்கொள்வது உடல் சூட்டைத் தணிக்க. அந்தக் காது சட்டென்று நின்று, வாயில் இருந்த தழை அப்படியே இருக்க, யானை சிலையாக நின்றால் பார்ப்பவருக்கு ஏதோ தியானம்போலத் தோன்றும். கைகூப்பத் தோன்றும். உண்மையில் அது காதைத் தீட்டி உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்துத் தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் உயர்ந்தால் மோப்பம் பிடிக்கிறது. காது விரிந்தால் எச்சரிக்கை. காதை மடக்கித் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் உண்மையான தாக்குதல் என்பார்கள். அதைச் சரிபார்க்கும் வரை அங்கே நிற்பது மடமை. காது நின்ற அந்த முதல் நொடியே, ஓடாமல், சத்தமில்லாமல், வந்த வழியே பின்வாங்கத் தொடங்கும் நேரம். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை என்றால் அந்த நொடிக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

பார்ப்பதற்கென்று உட்காருபவர்களுக்குச் சில விதிகள் போதும். காற்று விலங்கிடமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். சிட்டிகை உலர்மண்ணை விட்டுப் பார்த்தால் திசை தெரியும். மேட்டின் விளிம்பில் நின்றால் வானத்துக்கு எதிரே நம் உருவம் கருப்பாகத் தெரியும், அதனால் சற்றே கீழிறங்கி, மரத்தடியில் முதுகைச் சாய்த்து, நிழலில் இருக்க வேண்டும். நாம் வந்து உட்கார்ந்த கலவரம் அடங்கப் பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை அணில்களும் பறவைகளும் நம்மைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும். அவை பேச்சை விட்டுத் தம் வேலைக்குத் திரும்பும்போதுதான் பார்க்கவே தொடங்குகிறோம். நேருக்கு நேர் வெறிக்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது நல்லது. கண்ணை நிலைநிறுத்தி வருவது வேட்டைக்காரனின் வழக்கம் என்பது எல்லா இரைகளுக்கும் தெரியும். விலங்குக்கும் தண்ணீருக்கும் இடையில், தாய்க்கும் குட்டிக்கும் இடையில் உட்காரக் கூடாது. கைப்பேசியின் ஒலியும் ஃப்ளாஷும் அணைந்திருக்கட்டும். முடிந்தால் விலங்கு போவதற்கு முன்னால் நாம் கிளம்ப வேண்டும். அது நம்மால் தன் வேலையை விடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

வண்ணத்துப்பூச்சி கையில் வந்து உட்காருவதற்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அதற்கு நம் வியர்வையிலுள்ள உப்பு வேண்டும். இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. ஈர மண்ணிலும் சாணத்திலும் வியர்வையிலும் உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். பல இனங்களில் சேர்க்கையின்போது அந்த உப்பைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கின்றன. துக்க நாளில் தோளில் வந்து உட்கார்ந்த ஒன்றைப் பற்றி இதைச் சொன்னால் சிலருக்கு மனம் புண்படும். எனக்கென்னவோ, அழுது வியர்த்த உடம்பின் உப்பு ஓர் அடுத்த தலைமுறைக்குள் போகிறது என்பது 'அப்பா வந்தார்' என்பதைவிடச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்தது குறிப்பேடு. நினைவு ஒரே இரவில் கதையைத் திருத்திவிடும், ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நேரம், ஒளி, காற்றுத் திசை, தூரம், நாம் நின்ற இடம், விலங்கு நம்மைப் பார்க்கும்முன் என்ன செய்தது, பார்த்தபின் என்ன செய்தது, எந்தப் பக்கம் போனது. இங்கே வினைச்சொற்கள் மட்டும். 'கம்பீரமாக', 'சோகமாக', 'என்னை வாழ்த்துவதுபோல' எல்லாம் வலப்பக்கத்துக்கு உரியவை. வலப்பக்கத்தை அன்று காலியாக விட்டுவிட்டு மறுநாள் எழுதுவது மேல். இடையில் அந்த இனத்தின் பழக்கத்தைப் பற்றிப் படித்துவிடலாம். படித்தபின்னும் வலப்பக்கத்தில் எழுத ஏதாவது மிஞ்சினால், அது எழுதத்தக்கது.

'நினைத்தபோதெல்லாம் வருகிறது' என்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தாத்தாவை நினைக்கும் காலைகளில் எல்லாம் மீன்கொத்தி வருகிறது என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 40 காலைகள் குறிக்கட்டும். நினைத்தேன், வந்தது; நினைத்தேன், வரவில்லை; நினைக்கவில்லை, வந்தது; நினைக்கவில்லை, வரவில்லை என்று நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் 7, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 21, நான்காவதில் 9 என்று வந்தால், நினைத்த 10 நாளில் 7 முறை, அதாவது 70 சதவீதம். நினைக்காத 30 நாளில் 21 முறை, அதுவும் 70 சதவீதம். மீன்கொத்திக்கு அந்தக் குளம் வேலையிடம், அவ்வளவுதான். மனம் முதல் கட்டத்தை மட்டும் எண்ணிவைக்கும், மற்ற மூன்றையும் தூக்கிப் போட்டுவிடும். தொடர்பற்றவற்றில் பொருள் காணும் இந்தப் போக்குக்கு 1958-இல் கிளவுஸ் கான்ராட் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் பெயரிட்டார். அவர் எழுதியது மனநோயின் தொடக்கத்தைப் பற்றி, ஆனால் லேசான அளவில் அது எல்லோரிடமும் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் மீன்கொத்தியைப் பார்த்ததும் தாத்தா நினைவுக்கு வருகிறார் என்றால் அதில் பிழை இல்லை. அது திசை மாறிய வாக்கியம்: பறவை வருவதால் நினைவு வருகிறது.

காகத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். அது உண்மையிலேயே உங்களைத் தேடி வரக்கூடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து விட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கரைந்து துரத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் பறவை அது. பிரியமானவர் திரும்ப வந்தார் என்று சொல்வதற்கு முன், பிரியமானவர் உயிரோடு இருந்தபோது அந்தக் காகத்துக்கு என்ன செய்தார் என்று விசாரிப்பது நல்லது.

காட்டுயிர் தானாக நெருங்கி வருவதை அருள் என்று எடுத்துக்கொள்வதில்தான் உடனடி ஆபத்து. பயம் விட்டுப்போன நரி, கீரி, வௌவால் என்றால் முதல் சந்தேகம் ரேபிஸ்மேல் விழ வேண்டும். தள்ளாடும் நடை, வழியும் எச்சில், காரணமில்லாத சாதுத்தனம் அல்லது காரணமில்லாத வெறி எல்லாம் அறிகுறிகள். பகலில் வெளியே திரிவது மட்டும் அறிகுறியாகாது. குட்டி போட்ட பெண் நரி பகலிலும் இரை தேடும். கடியோ கீறலோ பட்டால், காயத்தில் எச்சில் பட்டால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வௌவாலின் பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். அறிகுறி தொடங்கிய பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது.

தரையில் கிடக்கும் குஞ்சும் தனியே கிடக்கும் குட்டியும் 'என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை' என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் தந்தை பக்கத்துக் கிளையில் இருக்கும். பூனையோ வண்டியோ வரும் இடமென்றால் அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகலாம்; கை பட்ட வாடைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்பது பறவைகளில் கட்டுக்கதை. இறகு முளைக்காததைக் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். மான் தன் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டிக்கு வாடை குறைவு, அசையாமல் கிடப்பதே அதன் காப்பு. காட்டு முயல் தன் குட்டிகளிடம் நாளுக்கு ஒருமுறை, இருட்டும் நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தூக்கிக்கொண்டு போகிறவர் காப்பாற்றுவதில்லை, கடத்துகிறார். ரத்தம், ஈ மொய்ப்பு, பக்கத்தில் செத்த தாய் என்று ஏதாவது இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

புண்ணியத்துக்காகக் கூண்டுப் பறவையை வாங்கிப் பறக்கவிடுவது இன்னும் மோசம். விற்பவர் அடுத்த வாரத்துக்காக மறுபடி வலை விரிப்பார். பிடிக்கும்போதும் அடைத்து வைக்கும்போதும் செத்தவை கணக்கில் வருவதில்லை.

ஆறுதல் தராத சந்திப்புகளும் உண்டு, அவற்றைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. 1985 பிப்ரவரியில் ஆஸ்திரேலியத் தத்துவவாதி வால் பிளம்வுட், ககாடு தேசியப் பூங்காவின் சதுப்பு நீரில் தனியே சிறு படகு ஓட்டிக்கொண்டிருந்தபோது உவர்நீர் முதலை படகை மோதியது. கரையோர மரக்கிளையில் தாவி ஏற முயன்றவரைக் கவ்வி நீருக்குள் இழுத்துச் சுழற்றியது. முதலைக்கு மெல்லத் தெரியாது. இரையைச் சுழற்றி மூழ்கடிப்பதும் கிழிப்பதும் அதன் வழி. அந்தச் சுழற்சிக்கு வேண்டிய வேகத்தை அதனால் நீண்ட நேரம் தாங்கவும் முடியாது. மூன்று முறை சுழற்றப்பட்டும் அவர் தப்பினார், படுகாயத்தோடு மணிக்கணக்கில் ஊர்ந்து மீட்கப்பட்டார். முதலையைத் தேடிச் சுடும் பேச்சு வந்தபோது அவர் எதிர்த்தார்: அத்துமீறி நுழைந்தது தான்தான் என்றார். பிறகு பல ஆண்டுகள் அவர் எழுதியது, மனிதனும் இன்னொரு உயிருக்கு உணவு என்ற உண்மையைப் பற்றி. தன்னைப் பார்த்த முதலையின் கண்ணில் செய்தி இருந்ததாக அவர் சொல்லவில்லை. அதன் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வேலைக்குள் தன் இடம் எது என்று யோசித்தார். அவதூதரின் முறையும் இதேதான், குருவின் பல் மட்டும் கூர்மை.

விலங்குகளுக்கே இப்படிப் பொருள் தேடும் பழக்கம் உண்டா என்று கேட்பவர்கள் யானைகளின் எலும்புகளைக் காட்டுவார்கள். கென்யாவின் அம்போசெலியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், யானைகள் மற்ற விலங்குகளின் மண்டையோட்டைவிட யானை மண்டையோட்டையும் தந்தத்தையும் அதிக நேரம் மோந்தும் காலால் வருடியும் பார்த்தன. ஆனால் தம் குடும்பத் தலைவியின் மண்டையோட்டை வேறு குடும்பத்தினுடையதிலிருந்து பிரித்து நாடவில்லை. முதல் பாதி எங்கும் பரவியது, இரண்டாம் பாதி அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆய்வைச் சொல்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பார்த்ததைப் பகிர்வது. ஆந்தை உறங்கும் மரமும் நரி குட்டி போட்ட வளையும் பொதுவெளியில் வந்தால் ஒரே வாரத்தில் கூட்டம் சேரும், ஆந்தை கூட்டை விட்டுவிடும். இடத்தை மாவட்ட அளவுக்கு மேல் சொல்லாதீர்கள். கைப்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கலாம். படமெடுக்கும் முன் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட வேண்டும், ஏற்கெனவே எடுத்த படமென்றால் அந்த விவரத்தை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். பின்னணியில் தெரியும் பாலம், கோபுரம், பெயர்ப்பலகையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அவற்றை வெட்டிவிடுங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் படத்தை, குஞ்சுகள் பறந்து போன பிறகு வெளியிட்டால் யாருக்கும் நட்டமில்லை.